ஒட்டு பிடித்திருக்கிறதா? ஃபேன்டசி ஆர்பிஜி எக்ஸ்பான்ஷனை எடைபோடும் முறை

ஒரு டிஎல்சி (ஏற்கெனவே வாங்கிய வீடியோ கேமோடு பிறகு சேர்க்கும் கூடுதல் பகுதி) பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எத்தனை மணி நேரம் ஓடும்?" என்பதுதான். அந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். தி விட்சர் 3 கேமுக்கு 2015 அக்டோபரில் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் சுமார் 10 மணி நேரம், 2016 மே மாதம் வந்த ப்ளட் அண்ட் ஒயின் சுமார் 20 மணி நேரம் என்று தயாரித்தவர்களே அறிவித்தார்கள். நீளத்தில் பாதி என்பதால் முதலாவதன் மதிப்பும் பாதி என்று சொல்வது, இரண்டையும் முடித்தவர்களுக்குப் பொருந்தாத பேச்சாகத் தோன்றும்.

ஆர்பிஜி என்பது ஒரு கேரக்டரை வளர்த்துக்கொண்டே கதைக்குள் போகும் கேம். அதன் எக்ஸ்பான்ஷன், அதாவது பெரிய அளவு டிஎல்சி, தனி கேம் அல்ல. எண்பது, நூறு மணி நேரம் வளர்த்த கேரக்டர் மேலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காசுக் கணக்கின் மேலும், முடிந்தோ முடியாமலோ நிற்கும் கதையின் மேலும் கொண்டுவந்து ஒட்டுவது அது. ஒட்டுக்கன்று வாங்கத் தெரிந்தவர் இலைகளை எண்ணமாட்டார்; ஒட்டுப்போட்ட கணுவைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார். இங்கேயும் அதைத்தான் செய்ய வேண்டும். புதியது பழையதோடு சேரும் இடங்களைத் தேடிப் பிடித்து, அங்கே சாறு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்கும் முன்

கடைப் பக்கத்தில் ட்ரெய்லரைத் தாண்டி, "உள்ளே நுழைய என்ன வேண்டும்" என்ற வரியைத் தேடுங்கள். பணம் கொடுத்தவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ பகுதிக்குப் போக ஸ்டார்ஸ்கர்ஜ் ரடான், மோக் ஆகிய இரண்டு பாஸ்களையும் (பெரிய எதிரிகள்) வீழ்த்தியிருக்க வேண்டும். மோக் இருக்கும் இடத்துக்கு வழி கண்டுபிடிப்பதே ஒரு வேலை. டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனின் ட்ரெஸ்பாஸர் (2015 செப்டம்பர்) மூலக் கதை முடிந்த பிறகுதான் திறக்கும், தொடங்கிவிட்டால் பழைய பகுதிகளுக்குத் திரும்ப முடியாது. ஸ்கைரிமின் டான்கார்ட் 10-ஆம் லெவலிலேயே கதவைத் தட்டிவிடும். விட்சரோ, மூலக் கதையை முடிக்காதவருக்கும் லெவல் ஏற்றிய ஒரு கேரக்டரைத் தந்து நேரடியாக எக்ஸ்பான்ஷனைத் தொடங்க விடுகிறது.

அப்படிக் கொடுக்கும் தயார் கேரக்டரை வைத்து எடைபோடாதீர்கள். தானே சேர்த்த கத்தி, தானே தேர்ந்தெடுத்த திறன் எதுவும் இல்லாதபோது ஒட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அடுத்தது பணத்தைத் திரும்பப் பெறும் விதி. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் டிஎல்சியைத் திருப்பித் தர, வாங்கி 14 நாட்களுக்குள் இருக்க வேண்டும். அதை வாங்கிய பிறகு மூலக் கேமை ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, நேரம் எண்ணப்படுவது டிஎல்சிக்குள் இருக்கும்போது மட்டுமல்ல. மூலக் கேம் திறந்திருக்கும் நேரம் எல்லாமே கணக்கில் சேரும். வாங்கிய பிறகு வாசலைத் தேடிக்கொண்டு பழைய மேப்பில் ஒன்றரை மணி நேரம் அலைந்தால், உள்ளே பார்க்க மிஞ்சுவது அரை மணி நேரம்தான். கேமை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் வாசலுக்குப் பத்தடி தூரம்வரை கேரக்டரைக் கொண்டுபோய் சேவ் செய்யுங்கள், கேமை மூடுங்கள், பிறகு வாங்குங்கள். டிஎல்சி கேரக்டரை மாற்ற முடியாதபடி மாற்றும் வகையைச் சேர்ந்தது என்றால் திருப்பித் தர முடியாமலும் போகலாம். அதைக் கடைப் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். இன்னொரு கடையான ஜிஓஜியில் 30 நாள் அவகாசம் உண்டு, ஆடியிருந்தாலும் பரவாயில்லை.

மூலக் கேம் எந்தக் கடையில் வாங்கியதோ, டிஎல்சியும் அதே கடையில் இருந்துதான் வர வேண்டும். எபிக்கில் வாங்கிய கேமுக்கு ஸ்டீமில் வாங்கிய எக்ஸ்பான்ஷன் ஒட்டாது. பிளேஸ்டேஷனில் டிஸ்க் வைத்திருப்பவர்கள் அந்த டிஸ்க் எந்த வட்டாரத்துக்கானது என்று பார்த்தே ஆக வேண்டும். வேறு வட்டாரக் கணக்கில் வாங்கிய டிஎல்சி இறங்கும், ஆனால் கேம் அதைக் கண்டுகொள்ளாது. எல்லாம் சேர்ந்த "கம்ப்ளீட்", "கேம் ஆஃப் தி இயர்" பதிப்பு தள்ளுபடியில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். தனி எக்ஸ்பான்ஷன்களைவிட முழுத் தொகுப்பு மலிவாகக் கிடைப்பது அடிக்கடி நடக்கிறது.

ரிவ்யூக்களைவிட நம்பகமான ஒரு தடயம் அச்சீவ்மென்ட் (ஆட்டத்தில் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் கிடைக்கும் அடையாளம்) பட்டியலில் இருக்கிறது. ஸ்டீமில் ஒவ்வொரு அச்சீவ்மென்டையும் எத்தனை சதவீதம் பேர் பெற்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். எக்ஸ்பான்ஷனின் முதல் அச்சீவ்மென்ட், கடைசிக் கதை அச்சீவ்மென்ட் இரண்டையும் கண்டுபிடியுங்கள். தனித்தனிச் சதவீதத்துக்கு அர்த்தம் குறைவு, ஏனென்றால் அது டிஎல்சி வாங்காதவர்களையும் சேர்த்த கணக்கு. இரண்டின் விகிதம்தான் பேசும். முதலாவது 20%, கடைசியானது 14% என்று வைத்துக்கொள்வோம்: உள்ளே போனவர்களில் பத்துக்கு ஏழு பேர் முடித்திருக்கிறார்கள், இழுத்துப் பிடித்திருக்கிறது. 20-க்கு 5 என்றால் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் கூட்டம் கலைந்திருக்கிறது. இடைப்பட்ட அச்சீவ்மென்ட்களை வரிசையாகப் பார்த்தால் எந்தப் பாஸிடம், எந்தப் பகுதியில் சரிந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

எதிர்மறை ரிவ்யூக்களை எண்ணாதீர்கள், காரணத்தைப் பிரியுங்கள். "ஃப்ரேம் விழுகிறது" (காட்சி தடுமாறுகிறது) என்பது பேட்ச் (தயாரித்தவர்கள் அனுப்பும் திருத்தம்) வந்தால் தீரக்கூடியது. "வந்த வழியே மூன்று முறை நடக்க வைக்கிறார்கள்" என்பது எந்தப் பேட்சாலும் தீராது.

சேவ் ஃபைலைத் தயார் செய்வது

மோட்களை (ஆடுபவர்கள் செய்து கேமில் சேர்க்கும் மாற்றங்கள்) எல்லாம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். எக்ஸ்பான்ஷன் வெளியாகும் நாளில் மூலக் கேமுக்கும் ஒரு பேட்ச் வரும். ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் போன்ற மோட் கருவிகள் கேமின் பதிப்பு எண்ணோடு கட்டப்பட்டவை என்பதால் அன்றே உடையும். உடைந்த மோட் தரும் கோளாறை எக்ஸ்பான்ஷன் தலையில் கட்டுவது அநியாயம். ஆட்டத்தின் நடுவில் ஒரு மோடைப் பிடுங்கினால் சேவ் கெட்டுப்போகலாம் என்பதால், மோட் தொடாத சேவ் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

மூன்று கையால் போட்ட சேவ்கள் வேண்டும்: வாசலுக்கு முன், உள்ளே முதல் அரை மணியில், கடைசிப் பாஸுக்கு முன். ஆட்டோசேவை நம்ப வேண்டாம், அது தன்மேல் தானே எழுதிக்கொள்ளும். டிஎல்சி இருக்கும்போது போட்ட சேவ், அதை நீக்கிய பிறகு பல கேம்களில் திறக்காது. திருப்பித் தரும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் வாசலுக்கு முந்தைய சேவ் ஃபைலை, வாங்குவதற்கு முன்பே, வேறு ஃபோல்டரில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். கிளவுட் சேவ் இதற்கு மாற்றல்ல. புதிய சேவ் ஏறியதும் பழையது மறைந்துவிடும்.

ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கேரக்டர் லெவல், கடின அளவு, கேமின் பதிப்பு எண், கையிலுள்ள காசு, முக்கிய ஆயுதத்தின் சேத எண். உள்ளே போன பிறகு இவற்றை நினைவிலிருந்து எடுக்க முடியாது.

அடிகளை எண்ணுதல்

கடினம், எளிது என்ற உணர்வு நாளுக்கு நாள் மாறும். எண் மாறாது. மூலக் கேமின் கடைசிப் பகுதியில் அடிக்கடி வரும் சாதாரண எதிரி ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். மருந்து, வாளில் பூசும் எண்ணெய், துணைக்கு ஆள் எதுவும் இல்லாமல், சாதாரண அடி மட்டும் போட்டு அவனை வீழ்த்த எத்தனை அடி, நீங்கள் விழ எத்தனை அடி என்று ஐந்து சண்டையில் எண்ணி நடு எண்ணை எழுதுங்கள். பிறகு எக்ஸ்பான்ஷனின் முதல் ஒரு மணி நேரத்தில் வரும் சாதாரண எதிரியிடம் அதையே செய்யுங்கள்.

முன்பு 6 அடியில் விழுந்தவன் இடத்தில் இப்போது 8, 9 அடி தேவைப்படுகிறது, நீங்கள் தாங்குவது 5-லிருந்து 4-க்குக் குறைந்திருக்கிறது என்றால் அது நல்ல ஏற்றம். அவன் 20 அடி வாங்குகிறான், நீங்கள் 2 அடியில் சாய்கிறீர்கள் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். வெறுமனே உயிர்ப்பட்டையை நீட்டியிருக்கிறார்கள். அல்லது அந்தப் பகுதிக்கென்று உள்ள வளர்ச்சி முறையை நீங்கள் இன்னும் தொடவில்லை.

இரண்டாவது காரணத்தைத் தவறவிட்டவர்களால்தான் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ 2024 ஜூன் 21-இல் வெளிவந்தபோது அத்தனை புலம்பல் எழுந்தது. அந்த எக்ஸ்பான்ஷன் நடக்கும் நிழல் நிலத்துக்குள் உங்கள் அடியையும் தாங்கும் திறனையும் தூக்கி நிறுத்துவது பழைய லெவலைவிட ஸ்கடுட்ரீ துண்டுகள்தான். மொத்தம் 50 துண்டுகள், அவற்றால் 20 படிவரை ஏறலாம், அந்தப் பலம் நிழல் நிலத்துக்கு வெளியே வந்தால் வேலை செய்யாது. 150-ஆம் லெவலில் நுழைந்து, ஒரு துண்டும் பொறுக்காமல் நேராகப் பாஸிடம் போனவர் அடிபட்டது லெவல் போதாததால் அல்ல. சில நாட்களிலேயே வந்த 1.12.2 பேட்ச், அந்தப் படிகளின் முன்பாதி தரும் பலனைக் கூட்டியது. ஆக, முதல் நாளில் எழுதிய கடினத் தீர்ப்பும் ஒரு வாரம் கழித்து எழுதியதும் ஒன்றல்ல. பகுதி தரும் வளர்ச்சியில் பாதியையாவது சேர்த்த பிறகு அடிகளை மறுபடி எண்ணுங்கள். அந்த இரண்டாம் எண்தான் தீர்ப்புக்கு உரியது.

எண்ணோடு நிற்காமல் புதிய எதிரி ஒவ்வொருவனிடமும் மூன்றைப் பாருங்கள்: மூலக் கேமில் இல்லாத அசைவு இருக்கிறதா, வேறு பலவீனம் இருக்கிறதா, நிற்கும் தரை சண்டையை மாற்றுகிறதா. மூன்றுக்கும் இல்லை என்றால் நிறம் பூசிய பழைய எதிரிதான்.

சில கேம்கள் வாசலிலேயே கேட்கும். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியின் தி ஒயிட் மார்ச் பகுதிக்கு உயர்ந்த லெவலில் போனால், எதிரிகளையும் உயர்த்தவா என்று கேட்பார்கள். ஆம் என்றே சொல்லுங்கள். அதே எக்ஸ்பான்ஷன் இன்னொரு பாடத்தையும் தருகிறது: உச்ச லெவலை 12-லிருந்து முதல் பாகம் 14-க்கும் இரண்டாம் பாகம் 16-க்கும் உயர்த்தியது. அதை முடித்துக்கொண்டு மூலக் கதையின் இறுதிக்குப் போகிறவருக்கு அந்த இறுதி லேசாகிவிடும். உச்ச லெவலை உயர்த்தும் எந்த எக்ஸ்பான்ஷனிலும் இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

காசும் பொருளும்

நீண்ட ஆர்பிஜி பலவற்றிலும் கடைசிக் கால்பகுதியில் காசு செத்துப்போகும். வாங்க ஒன்றும் இருக்காது, பை மட்டும் நிறைந்திருக்கும். நல்ல எக்ஸ்பான்ஷன் இந்தத் தேங்கிய காசுக்கு ஒரு வாய்க்கால் வெட்டும்.

ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் இதைச் செய்த விதத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அதில் ஒரு ரூன்ரைட் வருவார், வாளிலும் கவசத்திலும் சிறப்பு ரூன்சொற்களை (பலம் தரும் மந்திர எழுத்துகள்) பொறித்துத் தருபவர். தொழில் தொடங்க அவருக்கு முதலில் 5,000 கிரவுன் (அந்தக் கேமின் காசு) வேண்டும். அடுத்த படிக்கு 10,000. கடைசிப் படிக்கு 15,000. மொத்தம் 30,000. பொறிப்பதற்கான பொருட்செலவு தனி. மூலக் கேமை முடித்துவிட்டு வந்தவருக்கே இந்தத் தொகை யோசிக்க வைக்கும். பழைய மேப்பில் கைவிட்டிருந்த ஒப்பந்தங்களைத் தேடிப் போக வைக்கும். புதிய பகுதி பழைய பகுதிக்கு உயிர் கொடுக்கிறது. ஒட்டு பிடித்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு இல்லை. தாளில் குறித்த ஆரம்பக் காசை இங்கே எடுங்கள்: எக்ஸ்பான்ஷன் முடிவில் காசு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா? செலவழிக்க மனம் வந்த தருணங்கள் எத்தனை?

பொருட்களுக்கு எதிர்த் திசைச் சோதனை. முதல் பெட்டியில் கிடைக்கும் சாதாரண வாள், பாடுபட்டுச் செய்த உங்கள் சிறந்த வாளைத் தோற்கடித்தால் பழைய உழைப்பு குப்பைக்குப் போகிறது. கடைசிவரை ஒன்றுமே உங்கள் வாளை நெருங்காவிட்டால் புதிய லூட்டுக்கு வேலை இல்லை. இரண்டுக்கும் நடுவில், சேத எண் ஏறக்குறைய சமமாக இருந்து ஆடும் விதம் மட்டும் மாறும் ஆயுதங்கள் கிடைப்பதே சரியானது. எர்ட்ட்ரீயில் எட்டுப் புதிய ஆயுத வகைகள் வந்தன. அவற்றை நியாயமாகச் சோதிக்க ஒரு முன்னேற்பாடு தேவை: பெரும்பாலும் +0 (இன்னும் உயர்த்தாத) நிலையில் கிடைக்கும் அவற்றை மூலக் கேமின் அதே ஸ்மிதிங் ஸ்டோன்களால்தான் உயர்த்த வேண்டும். சாதாரண ஆயுதம் ஒன்றை +24-க்குக் கொண்டுபோக எட்டுத் தரக் கற்களிலும் தலா 12, ஆக 96 கற்கள் செலவாகும்; +25-க்கு ஏன்ஷியன்ட் டிராகன் கல் ஒன்று. கற்களைக் கடையில் வாங்க வழிசெய்யும் பெல் பேரிங் என்ற பொருட்களை உள்ளே போகும் முன்பே சேர்த்து வைக்காதவர், பழைய +25 வாளைப் புதிய +3 வாளோடு ஒப்பிட்டு "புது ஆயுதம் எல்லாம் வீண்" என்று எழுதிவிடுவார்.

கதையும் பழைய முகங்களும்

மூலக் கேமில் நீங்கள் எடுத்த பெரிய முடிவுகளில் நான்கைந்தை எழுதி வைத்துக்கொண்டு, எக்ஸ்பான்ஷனில் அவற்றை யாராவது வாய்திறந்து சொல்கிறார்களா என்று எண்ணுங்கள். ப்ளட் அண்ட் ஒயினின் இறுதியில் விட்சர் நாயகன் கெரால்ட்டின் வீட்டுக்கு வந்து சேர்பவர் யார் என்பது, மூலக் கதையில் யாரிடம் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஒரே காட்சிதான், ஆனால் நூறு மணி நேரத்தை மறக்கவில்லை என்று அது சொல்லிவிடுகிறது. மாறாக, ராஜ்ஜியத்தையே காப்பாற்றிய கேரக்டரிடம் புது ஊர்க்காரர் எல்லோரும் "யாரப்பா நீ" என்றே பேசி, அதற்குக் கதையில் காரணமும் இல்லை என்றால், எழுதியவர்கள் மூலக் கேமைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தேர்வுகளின் உண்மையைச் சோதிக்க, பெரிய தேர்வு வரும் இடத்தில் ஒரு சேவ் போட்டு இரண்டு வழியும் ஆடிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரத்தில் வசனம் மட்டும் மாறினால் அது பேச்சுக்குக் கொடுத்த தேர்வு. போகும் இடம், சண்டை, கிடைக்கும் பொருள் ஏதாவது மாறினால் உண்மையான தேர்வு.

மேப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஆடும் நேரத்தைச் சண்டை, கதை, நடை, மெனு என்று நான்காகப் பிரித்துக் கால் மணிக்கு ஒருமுறை கோடு போட்டு வாருங்கள். நடைப் பகுதி பாதியைத் தாண்டினால், அந்த நடையில் கண்டதைப் பட்டியலிடுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் உலாவுதலே இன்பம். காலியாக இருந்தால், மணிக்கணக்கைக் கூட்டப் போட்ட தூரம்.

வெளியே வந்த பிறகு

மிகப் பலர் செய்யாமல் விடும் சோதனை இது. எக்ஸ்பான்ஷனை முடித்த கேரக்டரோடு பழைய உலகுக்குத் திரும்பி ஒரு மணி நேரம் ஆடுங்கள். புதிய திறனை ஒரு பழைய பாஸ் மேல் பயன்படுத்திப் பாருங்கள். பழைய சண்டை புதிய சுவையோடு இருக்கிறதா, அல்லது ஒரே அடியில் முடிந்து எதையும் ஆட மனமில்லாமல் போகிறதா?

நிறுவியதுமே பழைய உலகை மாற்றும் எக்ஸ்பான்ஷன்களும் உண்டு. டான்கார்ட் இருக்கும் ஸ்கைரிமில் 10-ஆம் லெவலுக்குப் பிறகு, நீங்கள் அந்தக் கதையைத் தொடாவிட்டாலும், ஊர்களுக்குள் இரவில் ரத்தக்காட்டேரிகள் வந்து தாக்கும். அதில் கடைக்காரர்களும் பெயருள்ள ஊர்க்காரர்களும் செத்துப்போகலாம். அவர்கள் தரவிருந்த குவெஸ்டும் (பணியும்) அவர்களோடு போய்விடும். இப்படிப்பட்டதை முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நிறுவலாமா, பிறகு நிறுவலாமா என்பதைத் தீர்ப்பில் தனியாகச் சொல்ல வேண்டும். வாங்குபவருக்கு மிகவும் உதவும் ஒரு வரி அது.

பேட்சோடு இலவசமாக வந்ததை எக்ஸ்பான்ஷன் கணக்கில் சேர்க்காதீர்கள். ப்ளட் அண்ட் ஒயின் சமயத்தில் விட்சரின் மெனுக்கள் திருந்தின. அந்தத் திருத்தம் வாங்காதவருக்கும் கிடைத்தது. கெரால்ட்டின் திறனைக் கூட்டும் மியூட்டேஷன் முறை மட்டும் வாங்கியவருக்கானது. எது எதில் வந்தது என்று பேட்ச் குறிப்பைப் படித்துப் பிரித்துவிடுங்கள்.

எல்லா டிஎல்சிக்கும் இதே முழம் பொருந்தாது. 2006-இல் ஆப்ளிவியன் என்ற கேமுக்கு வந்த குதிரைக் கவசத்தை யாரும் கதைக்காக வாங்கியிருக்க முடியாது. 2012-இல் ஸ்கைரிமுக்கு வந்த ஹார்த்ஃபயர் வீடு கட்டவும் பிள்ளைகளைத் தத்தெடுக்கவும் தரும் சிறு தொகுப்பு. அதில் பாஸ் எங்கே என்று தேடுவது தவறு. அதனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கட்டிய வீட்டுக்கு, வேலை ஏதும் இல்லாமலே, திரும்பத் திரும்பப் போகிறீர்களா?

தீர்ப்பை எழுதும்போது முதல் பத்தியிலேயே நுழைந்த லெவல், கடின அளவு, எந்தக் கருவி, கேமின் பதிப்பு எண், முடிக்க எடுத்த மணி, தொடாமல் விட்ட பகுதிகள் ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். வெளியாகி ஒரு மாதத்துக்குள் எழுதியது என்றால், அடுத்த பெரிய பேட்ச் வந்ததும் உள்ளே போட்ட இரண்டாவது சேவ் ஃபைலைத் திறந்து அடிகளை மறுபடி எண்ணுங்கள். எண் மாறியிருந்தால் கடினம் பற்றிய பத்தியை மட்டும் திருத்தி, புதிய பதிப்பு எண்ணை அதன் பக்கத்தில் போட்டால் போதும்.